வெயிலுக்கு எடுத்துப் பார்க்கிற மச்சாள்

காத்தான்குடிப் புடவைக்கடைக்காரர்கள் என் மச்சாளுக்கு ‘வெயில்காரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதில் விழாமல்தான் சொல்வார்கள். ஒருநாள் விழுந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. “நல்ல பேர்தான் காக்கா” என்று, முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் கூப்பிடுகிற முறையில் சொல்லிவிட்டு, கையில் இருந்த சேலையைக் கடைக்கு வெளியே கொண்டுபோய் நடுத்தெருவில் விரித்தார். எதிரே வந்த மாட்டுவண்டி ஒதுங்கி நின்றது. கடைக்காரர் வாசலில் நின்று தலையில் கைவைத்தார்.

“தங்கச்சி, வெயில்ல நிறம் போயிரும்.”

“போற நிறமெண்டா இஞ்சேயே போகட்டும் காக்கா. வீட்ட கொண்டுபோய் ஏன் போகணும்?”

சேலையின் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்துப் பொடியன்கள் யாராவது அந்த வழியால் வந்துவிடக் கூடாதே என்பதுதான் என்னுடைய ஒரே கவலை. மச்சாள் குனிந்து, நெய்த கரையை விரலால் நிமிர்த்தி, சூரியனுக்கு நேரே பிடித்து, திருப்பி, இன்னொருமுறை பார்த்து, “வேணாம்” என்றார். கடைக்காரர் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் பழகிவிட்டது.

மச்சாள் என்றால் அண்ணனுடைய மனைவி. கல்யாணம் முடித்தவன் பெண்வீட்டோடு போவது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணனும் ஒரு தகரப்பெட்டியோடு நாவற்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து போய்வருவது சுகம் என்று, கொஞ்சக் காலத்தில் என்னையும் பின்னால் அனுப்பிவைத்தார்கள். வீடு மச்சாளுடையது. வளவு, கிணறு, தென்னைகள், வாவிக்கரையில் கட்டிக்கிடந்த தோணி, வயல், எல்லாம் அவர் பேரில். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த அண்ணன் பேரில் ஒரு சைக்கிள் இருந்தது. நான் அண்ணனுடைய சாமான்களில் ஒன்றாக அந்த வீட்டில் இருந்தேன்.

மச்சாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதையும் வெளிச்சத்துக்கு எடுத்துப் பார்க்காமல் நம்பவும் தெரியாது. மீன்காரன் கூடையை நிழலில் இறக்கினால், “முத்தத்துக்குக் கொண்டா” என்பார், முற்றத்து வெயிலைக் காட்டி. முத்தத்தில் செவுளை விரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. என் சட்டையை வெளுக்கிறவர் கொண்டுவந்தால், காலரை வேலிக்கு வெளியே நீட்டிப் பார்ப்பார். வைத்தியர் கொடுத்த மருந்தைக்கூடப் போத்தலோடு தூக்கிப் பிடித்து, அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஊற்றுவார். அதற்குள் எனக்குக் காய்ச்சல் பாதி குறைந்துவிடும்.

அவருடைய தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார் ஒரு பின்னேரம் வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், எல்லாம் சரி என்று எழும்பினார்கள். மச்சாள் வாசல்வரைக்கும் போய், “நாளைக்குப் பத்து மணிக்கு மாப்பிள்ளைய ஒருக்கா வரச் சொல்லுங்க” என்றார். அவர்களுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் மாப்பிள்ளை வந்தார். மச்சாள் முத்தத்தில் கதிரை போட்டு அவரை இருத்தி, வேளாண்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். வெயில் நேரே முகத்தில். அன்று பின்னேரமே சம்மதம் போயிற்று. “நல்லா வேர்த்துது. ஆனா ஒருக்காலும் கதிரைய நகர்த்தல்ல, ஏன் இப்பிடிப் போட்டீங்க எண்டும் கேக்கல்ல” என்றார் மச்சாள். அந்த மனிதர் கடைசிவரை அப்படியே இருந்தார் என்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் அவருக்கு ஏதாவது சந்தேகம் வந்தால், “இஞ்ச வா தம்பி, வெளிச்சத்துக்கு வா” என்பார். பின்கதவுப் படியில் நிறுத்திவைத்து முகத்தைப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். நானே சொல்லிவிடுவேன். தோணியில் போனதை, கணக்குப் பாடத்தில் தவறியதை, எல்லாவற்றையும் அந்தப் படியில் நின்றுதான் சொல்லியிருக்கிறேன். அதனால், நான் அவரிடம் சொன்ன பெரிய பொய்யைச் சமையலறைக்குள் இருந்தபடி சொன்னேன். அங்கே புகை இருந்தது.

அந்தப் பொய் ஒரு கட்டுரையைப் பற்றியது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் ஃபோமில் நாங்கள் ஐந்து பேர். கொழும்பில் ஒரு சங்கம், தீவு முழுக்க உள்ள ஆறாம் ஃபோம் மாணவர்களுக்கு இங்கிலீஷில் அரசியல் கட்டுரைப் போட்டி வைத்தது. எழுத்தறிவில்லாதவர்களுக்கு வாக்குரிமை தகுமா என்பது தலைப்பு. எல்லாருக்கும் வாக்கு என்று வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பெரிய மனிதர்களுக்கு அது இன்னும் செமிக்கவில்லை. இங்கிலீஷ் பத்திரிகைகளில் அதைப் பற்றி ஓயாமல் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டுரைதான் போகலாம். முதல் மூன்று இடத்தில் வருகிறவர்கள் கொழும்புக்குப் போய் ஒரு மண்டபத்தில் அதை வாசிக்கவேண்டும். நான் அதுவரைக்கும் கொழும்பைக் கண்டதில்லை. ரயிலைக் கண்டிருக்கிறேன், ஏறியதில்லை.

அரசியல் கட்டுரை எழுத எனக்குத் தெரிந்த ஒரே முறை, மற்றவர்கள் எழுதியதைப் பொறுக்குவது. நூல்நிலையத்தில் இருந்த தடித்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கனமாக இருந்த வசனங்களை ஒரு கொப்பியில் எழுதினேன். இரண்டு லத்தீன் சொற்றொடர்களையும் பிடித்துப் போட்டேன். அவற்றுக்கு என்ன பொருள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்தபோது, ‘தகும்’ என்று எழுதினால் சின்னப்பிள்ளை எழுதியதுபோல இருக்கும், ‘தகாது’ என்று எழுதினால் வயதும் அனுபவமும் உள்ளவன் எழுதியதுபோல இருக்கும் என்று பட்டது. தகாது என்று எழுதினேன். நான் அந்த முடிவுக்கு வந்த விதம் அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மச்சாள் கேட்டார்.

“என்னகா தம்பி, ராப்பகலா எழுதிறாய்?”

“கட்டுரை. வோட்டைப் பத்தி.”

“வோட்டைப் பத்தி என்ன?”

“எழுதப் படிக்கத் தெரியாத ஆக்கள் போடலாமா எண்டு.”

அகப்பை பானைக்குள்ளேயே நின்றது. “என்னப்போல ஆக்கள்.”

“ஓம்.”

“நீ என்னெண்டு எழுதியிரிக்காய்?”

“போடலாமெண்டுதான்” என்றேன், சோற்றைப் பார்த்துக்கொண்டு.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மச்சாள், “எல்லாப் பொடியனும் வேணாமெண்டு எழுதினா, எங்கட வோட்டை எடுத்துப்போடுவாங்களா?” என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. முன்னர் வெள்ளைக்காரத் துரைமார் சிலர் கப்பலில் வந்து, ஊர் ஊராக விசாரித்துவிட்டுப் போன பிறகுதானே எல்லாருக்கும் வாக்கு வந்தது. விசாரித்துக் கொடுத்ததை விசாரித்து எடுக்கலாம். இம்முறை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விசாரிக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். இல்லை, இது வெறும் போட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என் கட்டுரையால் நாட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரு ஆள் நம்புவது எனக்கு இனித்தது. “எடுத்தாலும் எடுப்பாங்க” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. மேசையைச் சன்னலடிக்கு நகர்த்திவைத்தார். மீன்தலை அண்ணனுடைய பீங்கானிலிருந்து என்னுடைய பீங்கானுக்கு மாறியது. கிணற்றடியில் அயல் பெண்களிடம் சொன்னார். அவர்கள் என்னைக் கண்டால் சைக்கிளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். காத்தான்குடிக் கடைக்காரருக்கும் விஷயம் போய்விட்டது. ஒருநாள் தெருவில் என்னை மறித்து, “தம்பி, எங்கட உம்மாவுக்கும் எழுத்துத் தெரியா. அவவையும் சேர்த்து எழுதுங்க” என்றார், தாழ்ந்த குரலில். நான் தலையாட்டினேன். கொப்பியில் அந்த உம்மாவை ‘அறியாமைக் கூட்டம்’ என்று எழுதிவைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, சரித்திர மாஸ்டர் எங்கள் ஐந்து பேருடைய கட்டுரைகளையும் வாசித்துவிட்டு என்னுடையதைத் தெரிவுசெய்தார். எனக்குக் காதெல்லாம் சூடாயிற்று. ஆனால் அவர் தாளைத் திருப்பித் தந்தார்.

“வசனம் நல்லா இருக்கு. உதாரணம் ஒண்டுகூட இல்லை. எழுத்தறியாத ஒருவர் வோட்டுப் போடப் போய் என்ன பிழை விட்டார் எண்டு, உங்கட ஊரில நடந்த ஒண்டைக் கண்டுபிடிச்சுப் போடு. திங்கட்கிழமை தபாலில சேர்க்கவேணும்.”

அதற்கு எனக்கு ஆள் இருந்தது. கடைசியாக நடந்த ஸ்டேட் கவுன்சில் என்ற சட்டசபைத் தேர்தலில், எங்கள் பக்கத்து வாக்குச்சாவடியில் அண்ணன் கிளாக்கராக வேலை செய்தவர். மறுநாள் பின்னேரம் கந்தோர் விட்டதும் அண்ணனோடு சேர்ந்துகொண்டேன். இருவரும் கல்லடிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

“அண்ணன், அண்டைக்குப் படியாத ஆக்கள் ஆரும் பிழை விட்டவங்களா?”

அண்ணன் வாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தார். “பிழை எண்டு... கரைச்சல் குடுத்தது ஒரு ஆள்தான்.”

“எழுத்துத் தெரியாத ஆளா?”

“ஓம்.”

“ஆர்?”

“உன்ட மச்சாள்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. ஊரெல்லாம் தேட இருந்த உதாரணம் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பேரைப் போடாமல் எழுதிவிடலாம், இங்கிலீஷில் எழுதுவது அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்பது அடுத்த நினைப்பு. என்னைப் பற்றி எனக்கே வெறுப்பு வந்தது அதற்கும் பிறகுதான், பாலம் முடிகிற இடத்தில்.

வீட்டுக்கு வந்தபோது மச்சாள் முத்தத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன்.

“வோட்டுப் போடப் போய் என்ன கரைச்சல் குடுத்தீங்க மச்சாள்?”

“உன்ட அண்ணன் சொன்னாரா? கரைச்சல் குடுத்தது நானா அவங்களா எண்டு கேளு.”

இன்றுள்ளவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடுவதில்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்தந்த நிறம் பூசிய பெட்டிகளை ஒரு மறைப்புக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். சீட்டைக் கொண்டுபோய், நமக்கு வேண்டியவரின் நிறப்பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். அந்த முறை எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு நீலம், மற்றவருக்குப் பச்சை.

மச்சாள் சொன்னபடி நடந்தது இதுதான். சாவடி ஒரு பள்ளிக்கூட அறையில். யாரோ சன்னலால் எட்டிப் பார்க்கிறார்கள் என்று காலையிலேயே சன்னலைச் சாத்திவிட்டார்கள். மறைப்புக்குக் கட்டியது தடித்த பாய். மச்சாள் சீட்டோடு உள்ளே போனார். இரண்டு பெட்டியும் கறுப்பாகத் தெரிந்தன. தொட்டுப் பார்த்தார். தொட்டால் நிறம் தெரியுமா? சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வெளியே வந்தார்.

“நிறம் தெரியல்ல. சன்னலைத் திறங்க.”

மேசையில் இருந்த பெரிய உத்தியோகத்தர், சன்னல் திறக்கக் கூடாது, இரகசியம் காக்கவேண்டும் என்றார். மச்சாள், அவருக்குப் பக்கத்தில் இருந்த கிளாக்கரைப் பார்த்து, “ஐயா, நீங்க ஒருக்கா எடுத்துச் சொல்லுங்க” என்றார்.

“என்னப் போய் ஐயா எண்டு கூப்பிட்டா” என்று அண்ணன், சைக்கிளைச் சாத்திக்கொண்டே இடையில் சொன்னார். “சபையில வச்சு, முன்பின் தெரியாத ஆள்மாதிரி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சட்டமெண்டு சொன்னன். வேற என்ன சொல்ல?”

“சட்டமெண்டார்” என்றார் மச்சாள் என்னிடம். “விடியக் காலத்தால அந்த வயித்துக்குப் புட்டு அவிச்சுப் போட்டது நான்.”

அவர் அசையவில்லை. நிறம் தெரிந்தால் போடுகிறேன், தெரியாவிட்டால் இதிலேயே நிற்கிறேன் என்று நின்றார். வெளியே வரிசை மாமரத்தடி வரைக்கும் நீண்டு, ஆட்கள் சத்தம்போடத் தொடங்கினார்கள். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து தலைமை வாத்தியார் போட்டார், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு போட்டார், ஒருவரும் சன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். “அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் ஐயா. எனக்குத் தெரியல்ல” என்றார் மச்சாள். பெரியவர் விசுக்கென்று எழும்பி, தானே பாய்க்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் அவரைக் காணவில்லை. வெளியே வந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல், சன்னலைத் திறந்து வெளிப்பக்கமாக ஒரு பாயைத் தொங்கவிடச் சொன்னார்.

“சன்னலைத் திறந்தாங்க, மறுகா போட்டிட்டு வந்தன்” என்று மச்சாள் மீனின் செட்டையைச் சீவினார். “அவ்வளவுதான். இதுவா கரைச்சல்?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேட்டி நுனியால் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன், நீங்களும் அங்கதான் போட்டீங்களா?”

“ஓம். வேலைக்கிருந்த ஆக்கள் முதல்லயே போட்டிட்டம்.”

“சன்னல் சாத்தியிருக்கேக்கயா?”

“ஓம்.”

“நிறம் தெரிஞ்சுதா?”

அண்ணன் மணியை விட்டுவிட்டு ஹாண்டிலைத் துடைக்கத் தொடங்கினார். “தெரியல்ல. எந்தப் பெட்டியில விழுந்துதெண்டு இண்டைக்கும் தெரியா. கேக்க வெக்கமா இருந்திச்சு.”

மச்சாளுக்கும் இது புதிது. கத்தியைக் கீழே வைத்தார். அண்ணனை ஒரு கணம் பார்த்துவிட்டு, சிரிக்கத் தொடங்கினார். மீன் நாறுகிற புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “இவ்வளவு காலமும் சொல்லல்லயே. கடவுளே, இவர் நீலத்துக்குப் போட்டதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவர்.” அண்ணனும் சிரித்தார். அந்த வீட்டில் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நான் உள்ளே போய்க் கட்டுரையை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு வசனம் இருந்தது. எழுத்தறியாதவன் இருட்டில் கைவிட்டுத் துழாவுகிறவன் என்று, மிக அழகான இங்கிலீஷில். அதை எந்தப் புத்தகத்தில் எடுத்தேன் என்றுகூட ஞாபகமில்லை. தலைமை வாத்தியாரும் நொத்தாரிசும் என் அண்ணனும் அந்தப் பாய்க்குப் பின்னால் குனிந்து நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே பின்கதவுப் படியில் போய் நின்றேன்.

“மச்சாள், நான் ரெண்டு பொய் சொன்னன்.”

அவர் கழுவிய மீன்சட்டியை வைத்துவிட்டு வந்தார்.

“கட்டுரையில வேணாமெண்டுதான் எழுதினன்.”

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பை எடுத்துக் கையைத் துடைத்தார். “மற்றது?”

“இது வெறும் போட்டி. என்ன எழுதினாலும் ஒருத்தரும் வோட்டை எடுக்கமாட்டாங்க.”

“ரெண்டு பொய் சொன்னவன் மூண்டாவதாச் சொல்றது மெய்யெண்டு நான் எப்பிடி நம்புறது?”

நான் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. என் கையில் இருந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் மாத்தி எழுதிறன் மச்சாள்.”

“எனக்காக மாத்தாத. அதுகும் பொய்யாத்தான் கிடக்கும். கொண்டா, வெளிய வந்து வாசி. என்ன எழுதியிரிக்காய் எண்டு பாப்பம்.”

முத்தத்தில் இன்னும் வெயில் இருந்தது. ஒவ்வொரு வசனமாக இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னேன். மச்சாள் பலகைக்கட்டையில் இருந்தார். எழுத்தறியாதவர் நாட்டின் சட்டங்களை வாசித்து விளங்கமாட்டார் என்று ஒரு வசனம்.

“நீ வாசிச்சிரிக்கியா?”

“இல்ல.”

“உன்ட அண்ணன்?”

அண்ணன் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

அவருக்கு நாட்டு விஷயத்தில் அக்கறை இராது என்று அடுத்தது. மச்சாளுக்கு அதில்தான் கோபம் வந்தது. “எங்கட வட்டைக்குத் தண்ணி எண்டைக்குத் திறக்கிறதெண்டு முடிவுபண்றது ஆர்? கச்சேரிக் கந்தோரில இரிக்கிற அரசாங்க ஆக்கள். தண்ணி பிந்தினா காயிறது அந்த வட்டையில கிடக்கிற எல்லார்ட வயலும்தானே, என்டதும்தானே. நாள் பிந்தின வருசம் எதெதெண்டு நான் ஒவ்வொண்டாச் சொல்லுவன். அக்கறை இல்லையாம்.” நான் பென்சிலால் அந்த வசனத்தை வெட்டினேன். ஓரத்தில் ‘தண்ணீர்’ என்று எழுதிக்கொண்டேன்.

அப்படியே வசனம் வசனமாக வெட்டுண்டு போயிற்று. கடைசிப் பக்கத்தில், எழுத்தறியாதவரின் வாக்கை ஒரு போத்தல் சாராயத்துக்கு வாங்கிவிடலாம் என்று இருந்தது. இதை வாசிக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். வாசித்தேன். பென்சிலைக் கொண்டுபோனேன்.

“அதை வெட்டாத” என்றார் மச்சாள்.

“இது எங்களுக்கு எதிரானதெல்லோ.”

“உள்ளதுதானே. கள்ளுக் குடிச்சிட்டு வண்டியில ஏறிப் போய்ப் போட்டிட்டு வந்தவங்கள நானே கண்டன். எங்கட வேலியால பாத்தன்.” கொஞ்சம் யோசித்தார். “ஓம், அதச் சொல்லு. மறைச்சா நம்பமாட்டாங்க. சொல்லிப்போட்டு, அந்தக் கள்ள வாங்கிக் குடுத்தவன் படிச்சவனா படியாதவனா எண்டும் ஒருக்காக் கேளு.”

அன்றைக்கு நான் அந்த முத்தத்தை விட்டு எழும்பும்போது, அவருக்காக அல்ல, எனக்கே போடலாம் என்றுதான் படுகிறது என்று தெரிந்தது.

சனியும் ஞாயிறும் சன்னலடியில் இருந்து எழுதினேன். லத்தீன் இரண்டும் போயின. நூல்நிலையத்துக் கொப்பியைத் திறக்கவே இல்லை. இருண்ட அறையில் தொடங்கினேன். எதிர்ப்பக்கத்தார் சொல்லக்கூடியதை எல்லாம், கள்ளு உட்பட, அவர்கள் சொல்வதைவிட நன்றாகவே சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னேன். திங்கட்கிழமை காலை சரித்திர மாஸ்டர் நின்றபடியே வாசித்தார்.

“நீ மற்றப் பக்கம் போயிட்டாயே.”

“ஓம் சேர்.”

“இது மெய்யா நடந்ததா?”

“ஓம் சேர். அந்தக் கிளாக்கர் என்ட அண்ணன்.”

அவர் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஒரு பெயரடையை மட்டும் வெட்டிவிட்டு, தானே உறையில் போட்டு ஒட்டினார். அன்று பாலத்தில் சைக்கிள் ஓடிவந்தபோது எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது. வாவியில் வலை வீசிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு வந்தேன்.

மச்சாளுக்கு அந்த நிம்மதி இல்லை. வீட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மீன்தலை அண்ணனிடம் திரும்பிப் போயிற்று, என்னோடு சிரித்துப் பேசினார். ஆனால் தபால்காரனைக் கண்டால் வேலியடிக்குப் போய் நிற்பார். “வெறும் போட்டி மச்சாள்” என்று நான் சொல்லும்போதெல்லாம், “ஓம் ஓம், வெறும் போட்டிதான்” என்பார். அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் திருவிழா வந்தது. அந்த வருஷம் மச்சாள் வழக்கத்துக்கு மாறாக நாலு குலை இளநீரைத் தோணியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடுத்தார். தீர்த்தக் குளத்தில் முழுகி எழும்பி, ஈரச் சேலையோடு வெகுநேரம் கும்பிட்டு நின்றார். என்ன நேர்த்தி என்று அண்ணனிடம் கேட்டேன்.

“வோட்டை எடுக்காம இரிக்கவேணுமெண்டு” என்றார் அண்ணன். “நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்திட்டன். உன்ட வாயால வந்தது, லேசில போகுமா?”

குளக்கரைச் சனத்துக்குள் நின்று நான் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

முடிவு, மழை தொடங்குவதற்கு முந்திய ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மாஸ்டர் கடிதத்தை என் கையில் தந்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். என்னோடு சேர்த்து, வென்ற மூன்று பேருடைய பெயரும், பள்ளிக்கூடமும், யார் எந்தப் பக்கம் எழுதினார்கள் என்பதும் அதில் இருந்தன. நான் வாசலில் சைக்கிளைச் சாத்தவும் இல்லை, போட்டுவிட்டு ஓடினேன். மச்சாள் முத்தத்தில் பாயில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த தாளைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

“கொழும்புக் கடிதமா?”

“ஓம் மச்சாள், நான்...”

“முதலாவது வந்த பொடியன் என்னெண்டு எழுதினவன்?”

நான் தாளைப் பார்த்தேன். “போடலாமெண்டு.”

“வடிவாப் பாத்துச் சொல்லு.”

“போடலாமெண்டுதான் மச்சாள். இஞ்ச கிடக்கு.”

அவர் நெல்லுப் பாயின் ஓரத்தில் அப்படியே இருந்துவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு எழும்பி வேலியடிக்கு விறுவிறு என்று நடந்து, அடுத்த வளவுக்குள் எட்டிப் பார்த்து, “அக்கா, எடுக்கல்லயாம்” என்றார். அந்த அக்கா தன் வேலிக்குப் போய் அடுத்த வளவுக்குச் சொன்னார். அங்கிருந்து யாரோ கிணற்றடிக்குச் சொன்னார்கள். எடுக்கல்லயாம், எடுக்கல்லயாம் என்று வாவிக்கரைப் பக்கமாகக் குரல் போய்க்கொண்டே இருந்தது. மச்சாள் வேலியைப் பிடித்துக்கொண்டு அது தேய்ந்து போகும்வரை கேட்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டு, அப்போதுதான் நான் நிற்பதைக் கண்டவர்போல என்னைப் பார்த்தார்.

“ஓ தம்பி” என்றார், “நீ எத்தினையாவது?”